மணியும் புது டிவியும்

(குழு: காவிரிக்கரைச் சொந்தங்கள்)

கும்பகோணம் அத்தை: ஞாயிற்றுக்கிழமை திருவாரூர் கல்யாணத்துக்கு விடியற்காலையிலேயே கிளம்பிவிடுவோம். திரும்ப இருட்டிவிடும். எங்கள் நாய் மணி தனியாக இருப்பான். துணைக்கு டிவியை ஓடவிட்டுப் போகலாமா?

மாயவரம் சித்தப்பா: தாராளமாக ஓடவிடுங்கள் அக்கா. பேச்சுச் சத்தம் கேட்டால் வீட்டில் ஆள் இருக்கிறது என்று நினைத்துக்கொள்வான்.

கும்பகோணம் அத்தை: அதில்தான் சந்தேகம் தம்பி. புது டிவி வந்ததிலிருந்து அவன் போக்கே மாறிவிட்டது. சீரியலில் காலிங்பெல் அடித்தால் போதும், வாலைக் காலுக்குள் சுருட்டிக்கொண்டு கட்டிலுக்கு அடியில் புகுந்துவிடுகிறான். நேற்று குனிந்து தொட்டுப் பார்த்தேன், விலாவெல்லாம் நடுக்கம்.

திவ்யா (ஒரத்தநாடு): அத்தை, அப்படியென்றால் ஓடவிட்டுப் போகவே கூடாது. யாரும் இல்லாத வீட்டில் பெல் அடித்துக்கொண்டே இருந்தால் அவன் எங்கே போவான்?

மாயவரம் சித்தப்பா: எங்கள் வீட்டுக் கறுப்பன் அரசு கொடுத்த கலர் டிவிக்கு முன்னால்தான் படுத்துக் கிடப்பான். ஒருநாளும் தலையைத் தூக்கிப் பார்த்ததில்லையே?

திவ்யா (ஒரத்தநாடு): அது 2006-க்கு அப்புறம் வந்த பழைய குழாய் டிவி சித்தப்பா. அதில் படம் நொடிக்கு 50 தடவை மின்னும். நம் கண்ணுக்கு அது ஓரளவு சேர்ந்தாற்போல் தெரியும். நாயின் கண் நம்மைவிட வேகம். நொடிக்கு 70, 75 தடவை மின்னினால்கூடக் கண்டுபிடித்துவிடும். கறுப்பனுக்கு அந்தப் பெட்டி வெறும் மினுக்கலாகத்தான் தெரிந்திருக்கும். அத்தை வீட்டுப் புது எல்.இ.டி. டிவியில் படம் அணைந்து எரியாமல் நிற்பதால் மணி நிஜமாகவே படம் பார்க்கிறான்.

கும்பகோணம் அத்தை: உண்மைதான். பொங்கலுக்கு ஜல்லிக்கட்டு ஓடியபோது காளை திரையை விட்டு வலப்பக்கமாக ஓடியது. அந்தப் பக்கம்தான் எங்கள் கொல்லைக்கதவு. இவன் கதவை முட்டித் திறந்துகொண்டு கிணற்றடி வரைக்கும் போய்த் தேடிவிட்டு வந்தான்!

திவ்யா (ஒரத்தநாடு): அமெரிக்காவில் ஆபர்ன் பல்கலைக்கழகத்தில் 453 நாய்களைப் பற்றி வளர்ப்பவர்களிடம் கேட்டு, 2025-இல் வெளியிட்டார்கள். துறுதுறுப்பான நாய்கள் திரையில் ஓடுவதை விரட்டுகின்றன. பயந்த சுபாவம் உள்ளவை காலிங்பெல், கார் ஹாரன் மாதிரி சத்தங்களுக்குத்தான் அதிகம் கலங்குகின்றன. நம் மணிக்கு இரண்டுமே இருக்கிறது, பாவம். நீங்கள் டிவி பார்க்கும்போதும் ஒலியைக் குறைத்து வையுங்கள். நமக்குக் கேட்காத மெல்லிய சத்தம்கூட அவனுக்குக் கேட்கும்.

சீர்காழி மாமா: கிரிக்கெட் போட்டால் பார்ப்பானா?

திவ்யா (ஒரத்தநாடு): ஓட்டம் தெரியும் மாமா. ஆனால் நாய்க்கு நீலமும் மஞ்சளும்தான் நிறம். பச்சைப் புல்லும் மஞ்சள் மாதிரியே தெரிவதால் சென்னை அணியின் சட்டை அதோடு கலந்துவிடும். மும்பையின் நீலம் பளிச்சென்று தெரியும்.

மாயவரம் சித்தப்பா: ஐயோ, மணிக்கு இப்படி ஒரு சோதனையா!

சீர்காழி மாமா: எங்கள் லவ் பேர்ட்ஸ்?

திவ்யா (ஒரத்தநாடு): பறவைக்கு நம்மைவிட ஒரு நிற உணர்வு கூடுதல், புற ஊதாவும் தெரியும். டிவி நிறம் மனுஷக் கண்ணுக்காகக் கலந்தது. அவற்றுக்கு அது இயல்பாக இருக்காது. கூண்டை டிவிக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், ராத்திரி தூங்கவிடுங்கள்.

கும்பகோணம் அத்தை: சரிம்மா, ஞாயிற்றுக்கிழமைக்கு என்ன செய்ய?

திவ்யா (ஒரத்தநாடு): அவனுக்குத் துணை என்றால் உங்கள் வாசனைதான். டிவியில் அது வராது. நீங்கள் கட்டி அவிழ்த்த சேலையைத் துவைக்காமல் அவன் படுக்கும் இடத்தில் போடுங்கள். தண்ணீர் இரண்டு கிண்ணத்தில். மதியம் அவனுக்குப் பழகிய ஒருவர் வந்து சோறு போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் நல்லது.

கும்பகோணம் அத்தை: மாடிவீட்டுப் பையனிடம் சொல்கிறேன். அவன் சைக்கிள் சத்தம் கேட்டாலே மணி வாலாட்டுவான். சாவியை அவன் அம்மாவிடம் கொடுத்துவிடுகிறேன்.

திருவையாறு பெரியம்மா: திவ்யா கண்ணு, எங்கள் பூனை வேறு ரகம். திரையில் குருவி வந்தால் மேசைமேல் ஏறி இரண்டு கையாலும் அடிக்கிறது. குருவி மறைந்ததும் டிவிக்குப் பின்னால் போய் எட்டிப் பார்க்கிறது. நேற்று டிவியே ஆடிவிட்டது.

திவ்யா (ஒரத்தநாடு): சின்னதாக, வேகமாக ஓடுவது எதுவானாலும் பூனைக்கு இரைதான் பெரியம்மா. பிடிக்க முடியாமலே போனால் சில பூனைகள் எரிச்சலாகிவிடும். குருவி ஓடி முடிந்ததும் ஒரு துணிப்பந்தை உருட்டிவிடுங்கள், அதையாவது கவ்வட்டும். அதைவிட முக்கியம், டிவியைச் சுவரில் மாட்டுங்கள். டிவி பூனைமேல் விழுந்தால் அது தாங்காது.

மாயவரம் சித்தப்பா: எத்தனை இஞ்ச் அண்ணி? என்னிடம் 32-க்கு உள்ள ஸ்டாண்டு சும்மாதான் கிடக்கிறது.

திருவையாறு பெரியம்மா: 32தான்ப்பா.

மாயவரம் சித்தப்பா: சனிக்கிழமை துளை போடும் மிஷினோடு வருகிறேன். அதுவரைக்கும் பின்னால் இருக்கும் ஒயரை மட்டும் கட்டி வையுங்கள்.