பல்லாவரம்: மலைக்கல், குடைவரை, வெள்ளிக்கிழமைச் சந்தை

சென்னையை அடுத்த பல்லாவரத்துக்கு வருபவர்கள் முதலில் மலைக்கல்லைக் கையில் எடுத்துப் பாருங்கள். உடைந்த முகம் நீலம் கலந்த கருஞ்சாம்பலாக, எண்ணெய் தடவினாற்போல் மினுங்கினால் அது சார்னோக்கைட் என்ற கல்வகை. கல்கத்தாவில் இருக்கும் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லும் இதே வகைதான். அவர் பெயரைத்தான் நிலவியலாளர் ஹாலந்து இதற்கு வைத்தார். 1863 இல் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் இங்கே கண்டெடுத்த கற்காலக் கற்கோடரியோ குவார்ட்சைட் என்ற வேறு வகைக் கல். மலையில் கிடைத்ததல்ல, செம்பூராங்கல் சரளையில் கிடைத்தது. பழைய குவாரிப் பக்கம் கூர்மையாகக் கிடக்கும் சில்லுகளைப் பார்த்துக் கற்காலக் கருவி என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். அவை வெடி வைத்துத் தகர்த்ததில் தெறித்தவை. கற்கோடரி என்றால் விளிம்பின் இரு பக்கமும் வரிசையாகச் செதுக்கிய தடம் இருக்கும்.

—

குடைவரையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முதலாம் மகேந்திரவர்மன் குடைந்தது, ஐந்து கருவறைகள். தூண்கள் மேலும் கீழும் சதுரம், நடுவில் எட்டுப்பட்டை. உத்திரத்தில் அரசனின் விருதுப்பெயர்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. இப்போது அது தர்கா. செருப்பைக் கழற்றிவிட்டு, அங்கிருப்பவர்களிடம் கேட்டுக்கொண்டு உள்ளே போங்கள்; தொழுகை நேரத்தில் கேமராவை எடுக்காதீர்கள். ஒரே இடம் இத்தனை நூற்றாண்டாக வழிபாட்டில் இருப்பதுதான் இந்த ஊரின் பெருமை என்பேன்.

—

வெள்ளிக்கிழமை வந்தால் பழைய டிரங்க் ரோடு சந்தையை விடாதீர்கள். ஒரு காலத்தில் மாட்டுச் சந்தை. இன்றைக்குப் பழைய மரச்சாமான், மிக்சி, டிரில்லிங் மெஷின், செடி, காய்கறி எல்லாம் கிடைக்கும். காலையிலேயே போய்விடுங்கள், நல்ல சாமான் முதலில் போய்விடும்.

மோட்டார் வைத்த பொருளென்றால் தண்டைக் கையால் சுற்றுங்கள். உரசாமல் சுற்ற வேண்டும், பக்கவாட்டில் ஆடக்கூடாது. காற்றுத் துளையில் முகரும்போது கருகல் வாடை அடித்தால் உள்ளே சுற்றியிருக்கும் செப்புக் கம்பிச் சுருள் (coil) போயிருக்கிறது. அதை மறுபடி சுற்ற (ரீவைண்டிங்) நல்ல செலவாகும். மோட்டாருக்குள் உரசி மின்சாரம் கொடுக்கும் கரித்துண்டு (கார்பன் பிரஷ்) தேய்ந்திருந்தால் மட்டும் பயமில்லை, மாற்றிக்கொள்ளலாம். அம்மி, ஆட்டுக்கல் என்றால் சின்னக் கல்லால் தட்டுங்கள்: கணீரென்று கேட்டால் முழுக்கல், மொத்தென்று கேட்டால் உள்ளே விரிசல். மரத்தில் புதுசாக மாவு உதிர்ந்திருந்தால் வண்டு இன்னும் உயிரோடிருக்கிறது, வீட்டுக்குள் ஏற்றாதீர்கள்.

செல்போனை மட்டும் பில் இல்லாமல் வாங்கவே வேண்டாம். திருட்டுப் போனாக இருந்தால் பணமும் போகும், ஸ்டேஷனுக்கும் அலைய வேண்டிவரும்.