வாடகை அறையும் வீடுதானா? 2020 ஊரடங்கில் வடசென்னையின் வெளியூர் மாணவர்கள்

வண்ணாரப்பேட்டை முன்னாள் மாணவன்:

மறுபடியும் ஒரு பெருந்தொற்று வந்தால் வெளியூர் மாணவர்களை முதல் நாளே ஊருக்கு அனுப்பிவிட வேண்டும், வடசென்னையின் நெருக்கத்தில் அவர்களை வைத்திருப்பது எல்லோருக்கும் ஆபத்து என்று சென்ற வாரம் இங்கே ஒருவர் எழுதியிருந்தார். அந்தக் கருத்தை நான் முழுமையாக மறுக்கிறேன். என் காரணங்களைச் சொல்கிறேன், மறுப்பவர்கள் தாராளமாக மறுக்கலாம்.

நான் திருவண்ணாமலை மாவட்டத்துக் கிராமம் ஒன்றிலிருந்து படிக்க வந்தவன். பழைய வண்ணாரப்பேட்டையில் ஓர் ஒண்டுக்குடித்தன வீட்டின் மாடி அறையில் நாங்கள் நான்கு பேர் தங்கியிருந்தோம். 2020 மார்ச் 17 முதல் 31 வரை கல்லூரிகளுக்கு விடுமுறை என்று அரசு அறிவித்ததும் இருவர் ஊருக்குப் புறப்பட்டார்கள். பாரிமுனையில் ஒரு மொத்த விற்பனைக் கடையில் மாலை நேரக் கணக்கு வேலை பார்த்துத்தான் நானும் இன்னொரு நண்பனும் அறை வாடகையைக் கட்டி வந்தோம் என்பதாலும், பதினைந்து நாளில் கல்லூரி திறந்துவிடும் என்று நம்பியதாலும் நாங்கள் இங்கேயே இருந்தோம். மார்ச் 23 இரவு கோயம்பேடு பேருந்து நிலையத்தில் திரண்ட கூட்டத்தைக் கைப்பேசியில் பார்த்த பிறகு, அந்த நெரிசலில் நுழைந்து ஊருக்குப் போனால் வீட்டிலிருக்கும் தாத்தாவுக்கு நோயைக் கொண்டுபோய்க் கொடுப்பதாகிவிடும் என்று அஞ்சினோம். மறுநாள் மாலை 6 மணிக்கு 144 தடை உத்தரவு நடைமுறைக்கு வந்து பேருந்துகள் நின்றன. அன்று இரவே நாடு தழுவிய ஊரடங்கும் அறிவிக்கப்பட்டது.

அதற்கு மூன்றாம் நாள் வீட்டுக்காரர் அறையைக் காலி செய்யச் சொன்னார். எந்தப் பேருந்தில், எந்த ஊருக்குப் போவது என்று நாங்கள் கேட்டதற்கு அவரிடம் பதில் இல்லை. நாங்கள் சாப்பிட்டு வந்த மெஸ் மூடப்பட்டிருந்தது. குடும்ப அட்டைக்கு 1000 ரூபாயும் விலையில்லா அரிசியும் அரசு கொடுத்தது உண்மைதான், ஆனால் என் பெயர் இருந்த அட்டை ஊரில் இருந்தது, பசித்த வயிறு இங்கே இருந்தது. அம்மா உணவகம் இல்லாவிட்டால் அந்த ஏப்ரலைக் கடந்திருக்க மாட்டோம்.

கட்டுப்பாடுகள் தேவையா, தேவையில்லையா என்பது என் கேள்வியன்று. அந்தக் கட்டுப்பாடுகளை எழுதியவர்கள் 'வீட்டிலேயே இருங்கள்' என்று சொன்னபோது, வாடகை அறையில் இருக்கும் மாணவனுக்கு எது வீடு என்று யோசித்தார்களா என்பதுதான் என் கேள்வி.

இராயபுரம் வீட்டுக்காரர்:

தம்பி எழுதியதை இரண்டு முறை படித்தேன். அவர் சொல்லும் வீட்டுக்காரர் நான் இல்லை, ஆனால் நானும் அதே நாட்களில் என் மாடி அறைப் பையன்களிடம் அதே சொற்களைச் சொன்னவன் என்பதால், வாசற்படியின் மறுபுறம் நின்றவர்களின் நிலையையும் எழுத வேண்டியிருக்கிறது.

என் வீட்டில் ஐந்து குடித்தனங்களுக்குக் கழிவறை இரண்டு, மெட்ரோ தண்ணீர் வரும் குழாய் ஒன்றுதான். அந்தக் குழாயடியில் காலை ஐந்து மணிக்கு எல்லோரும் குடத்தோடு நிற்பார்கள், மாடிப்படியின் அகலம் ஒருவர் இறங்கினால் இன்னொருவர் ஏற முடியாத அளவு. என் தாயாருக்கு அப்போது 81 வயது. 2020 மே, ஜூன் மாதங்களில் மாநகராட்சியின் 15 மண்டலங்களில் இராயபுரம் மண்டலமே பல வாரங்கள் தொற்று எண்ணிக்கையில் முதலிடத்தில் இருந்ததை இங்குள்ளவர்கள் மறந்திருக்க முடியாது. ஒரு வீட்டில் ஒருவருக்கு உறுதியானால் அந்த வீட்டின் வாசலையோ தெருமுனையையோ தகரம் அடித்து அடைத்தார்கள். தகரம் அடித்த தெருவிலிருந்து வேலைக்குப் போனவர்களைக் கடைகளில் சேர்த்துக்கொள்ளவில்லை. அந்த நிலையில், நாள்தோறும் வெளியே போய்ச் சாப்பிட்டுவிட்டு வரும் நான்கு இளைஞர்களைப் பார்த்து நான் பயந்தது குற்றமென்று சொல்ல முடியுமா?

மாணவர்களுக்குச் சொந்த ஊர் என்று ஒன்று இருந்தது, அங்கே தோட்டமும் காற்றும் இருந்தன, கவனித்துக்கொள்ளப் பெற்றோர் இருந்தார்கள். இங்கே பிறந்து இங்கேயே கிடக்கும் எங்களுக்குப் போக வேறிடம் இல்லை. போக இடமுள்ளவர் போய்விடுவது இருப்பவருக்கும் நல்லது, போகிறவருக்கும் நல்லது என்ற என் கருத்தை இன்றும் நான் மாற்றிக்கொள்ளவில்லை.

விடுதியில் இருந்த மாணவி:

ஐயா, போகிறவருக்கும் நல்லது என்று நீங்கள் சொன்னதற்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

நான் இராமநாதபுரம் மாவட்டம், வடசென்னையில் ஒரு கல்லூரி விடுதியில் தங்கி முதுகலை படித்தேன். மார்ச்சில் இரண்டு நாள் அவகாசத்தில் விடுதியை விட்டு ஊருக்குப் போனேன். எங்கள் வீட்டில் நல்ல கைப்பேசி ஒன்றுதான், அதுவும் என் தம்பியின் பள்ளி வகுப்புக்கும் என் வகுப்புக்கும் ஒரே நேரத்தில் தேவைப்பட்டது. மொட்டை மாடியின் வடகிழக்கு மூலையில் மட்டும்தான் சிக்னல் கிடைக்கும், வெயில் ஏறிய பிறகு அங்கே உட்கார முடியாது. கல்லூரி மாணவர்களுக்கு நாள் ஒன்றுக்கு 2 ஜிபி தரவு அட்டை என்ற அரசின் அறிவிப்பு வந்தது 2021 ஜனவரியில், அதாவது வகுப்புகள் இணையத்துக்கு மாறி ஏறத்தாழ ஒன்பது மாதம் கழித்து. அதற்குள் என் வகுப்புத் தோழியர் இருவருக்குத் திருமணம் முடிந்து படிப்பும் நின்றுவிட்டது. பெண் வீட்டில் சும்மாதானே இருக்கிறாள் என்று உறவினர் பேசத் தொடங்கியபோது, விடுதியில் அவளுக்கு இருந்த கட்டிலும் மேசையும் எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்பது எனக்குப் புரிந்தது.

2020 டிசம்பரில் இறுதியாண்டு மாணவர்களுக்கு விடுதி திறந்தபோது அறைக்கு ஒருவராகத் தங்கினோம். அது நியாயமான ஏற்பாடு, நான் அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் வாயிலைத் தாண்டி மருந்துக் கடைக்குக்கூட நாங்கள் போகக் கூடாது என்றார்கள், அதே நேரத்தில் சமையல் செய்பவர், காவலர், துப்புரவு செய்யும் அம்மா எல்லோரும் நாள்தோறும் வெளியிலிருந்து வந்து போனார்கள். ஆண்கள் விடுதியில் மாலை வரை வெளியே போக அனுமதி இருந்தது. கிருமி ஆண், பெண் பார்த்துத் தொற்றுவதில்லை என்பதால் இந்த வேறுபாட்டுக்கு மருத்துவக் காரணம் இருந்திருக்க முடியாது. நோய்க்காகக் கொண்டுவந்ததாகச் சொன்ன அந்த விதி, நோய் தணிந்து நான் படிப்பை முடித்து வெளியேறிய நாளிலும் அப்படியே இருந்தது. தற்காலிகக் கட்டுப்பாடு ஒன்றைப் போடுகிறவர்கள் அது முடியும் நாளையும் அதே தாளில் எழுத வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

தண்டையார்பேட்டை களப்பணியாளர்:

நான் அந்த ஆண்டில் தண்டையார்பேட்டை மண்டலத்தில் வீடு வீடாகக் காய்ச்சல் கணக்கெடுக்கும் பணியில் இருந்தேன். விவாதம் அனுபவங்களோடு நின்றுவிடாமல், நோய் பரவும் முறையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

ஊருக்கு அனுப்புங்கள் என்ற வீட்டுக்காரர் ஐயாவின் கருத்தை நான் ஏற்கவில்லை, அதே வேளையில் மாணவர்கள்மீது இருந்த கட்டுப்பாடுகள் தேவையற்றவை என்ற எண்ணத்தையும் ஏற்கவில்லை. கோயம்பேடு சந்தையில் தொற்று பரவியபோது அங்கே வேலை செய்த தொழிலாளர்கள் ஊர் திரும்பினார்கள். அதுவரை மிகக் குறைந்த எண்ணிக்கையே இருந்த கடலூர், அரியலூர், விழுப்புரம் மாவட்டங்களில் மே மாதத்தில் தொற்று திடீரென ஏறியது. அவர்கள் குற்றம் செய்தவர்கள் அல்லர், அறிகுறி தெரிவதற்கு முன்பே தொற்றைக் கடத்தக்கூடிய நோய் இது என்பதே காரணம். வடசென்னையிலிருந்து ஆயிரக்கணக்கான மாணவர்களை ஜூன் மாதத்தில் ஊர்களுக்கு அனுப்பியிருந்தால் இதே கதை இன்னும் பல மாவட்டங்களில் நடந்திருக்கும்.

இனி விடுதியைப் பாருங்கள். 2020 டிசம்பர் நடுவில் சென்னை ஐ.ஐ.டி. வளாகத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோருக்குத் தொற்று உறுதியானது, அவர்களில் பெரும்பாலோர் விடுதி மாணவர்கள். பரந்த வளாகம், மரங்கள், தனித்தனி அறைகள் எல்லாம் இருந்தும் ஒரே உணவுக்கூடத்தில் முகக்கவசத்தைக் கழற்றிவிட்டு உண்ட வேளையே தொற்று பரவப் போதுமானதாக இருந்தது என்று கருதப்பட்டது. அதன் பிறகு உணவைப் பொட்டலமாக அறைக்கே கொடுத்தார்கள். அந்த வளாகத்துக்கே அந்த நிலை என்றால், வடசென்னையின் மெஸ்களையும் குழாயடிகளையும் நினைத்துப் பாருங்கள். மாணவி சொல்லும் வாயில் தடையில் ஆண், பெண் வேறுபாடு தவறு, ஆனால் வெளியே போய் வருவோரின் எண்ணிக்கையைக் குறைப்பது தவறன்று. சமையல் செய்பவர் வராவிட்டால் உணவு இல்லை, அதனால் அவர் வந்தார். வருகிறவர் பத்துப் பேராக இருப்பதற்கும் இருநூறு பேராக இருப்பதற்கும் பெரிய வேறுபாடு உண்டு.

வண்ணாரப்பேட்டை முன்னாள் மாணவன்:

களப்பணியாளர் சொன்னதை ஏற்கிறேன், மார்ச் 23 இரவு நாங்கள் போகாமல் இருந்ததற்கும் அதுதான் காரணம். ஆனால் ஒருவனை ஓரிடத்திலேயே இரு என்று அரசு கட்டளையிட்டால், அந்த இடத்தில் அவன் இருப்பதற்கான வழியையும் அரசு காட்ட வேண்டும்.

இங்கே ஓர் ஆவணத்தை நினைவூட்டுகிறேன். 2020 மார்ச் 29 அன்று மத்திய உள்துறை அமைச்சகம் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்கீழ் பிறப்பித்த உத்தரவில் இரண்டு செய்திகள் அடுத்தடுத்து இருக்கின்றன. வாடகைக்குத் தங்கியிருக்கும் தொழிலாளர்களிடம் ஒரு மாதத்துக்கு வாடகை கேட்கக் கூடாது என்பது ஒன்று. தொழிலாளர்களையோ மாணவர்களையோ காலி செய்யும்படி எந்த வீட்டுக்காரராவது கட்டாயப்படுத்தினால் அவர்மீது நடவடிக்கை எடுக்கப்படும் என்பது இன்னொன்று. வெளியேற்றக் கூடாது என்ற இடத்தில் மாணவன் இருக்கிறான், வாடகை கேட்கக் கூடாது என்ற இடத்தில் அவன் இல்லை. ஆக, என்னை வெளியே தள்ள முடியாது, ஆனால் கடை மூடியதால் வருமானம் நின்றுபோன என்னிடம் வாடகை கேட்கலாம். அந்த உத்தரவைக் கைப்பேசியில் காட்டித்தான் நாங்கள் அறையில் தங்கினோம், மூன்று மாத வாடகை எங்கள் முன்பணத்தில் கழிந்தது. ஆகஸ்டில் அறையைக் காலி செய்தபோது திரும்பி வந்த தொகை ஒன்றுமில்லை.

இராயபுரம் வீட்டுக்காரர்:

அந்த உத்தரவை எங்கள் தெருவில் முதலில் படித்தவர்களில் நானும் ஒருவன். தம்பி சொல்வது சரிதான், ஆனால் அதன் இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். தொழிலாளியிடம் வாடகை வாங்காதே என்று எனக்குச் சொன்ன அரசு, அந்த வாடகையை நம்பி மருந்து வாங்கும் எனக்கு என்ன வழி என்று சொல்லவில்லை. வடசென்னையில் வீட்டுக்காரர் என்றால் பெரும்பாலும் நாலு மாடிக் கட்டடத்தின் முதலாளி இல்லை, தானும் அதே வீட்டின் கீழ்ப்பகுதியில் குடியிருந்துகொண்டு மாடியை வாடகைக்கு விட்டு வாழும் ஓய்வு பெற்ற துறைமுகத் தொழிலாளியோ கணவரை இழந்த அம்மாவோதான். சுமையை அரசு எங்கள் இருவர் தோளிலும் மாற்றி மாற்றி வைத்துவிட்டுப் போனது என்பதே என் குறை.

என் அறைப் பையன்கள் கடைசிவரை போகவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். ஜூன் 19 அன்று சென்னையில் மறுபடியும் முழு ஊரடங்கு வந்தபோது, தாயாருக்கு மருந்து வாங்கி வந்து கொடுத்தவன் அவர்களில் ஒருவன்தான். அதனால் என் பயம் தவறென்று ஆகிவிடாது, ஆனால் அந்தப் பையனை வெளியே அனுப்பப் பார்த்தேனே என்ற வருத்தம் எனக்கு உண்டு.

தண்டையார்பேட்டை களப்பணியாளர்:

ஐயா எழுதியதைப் படித்த பிறகு, எங்கள் பணியிலிருந்த ஒரு குறையை ஒப்புக்கொள்ள வேண்டும் என்று தோன்றுகிறது. வீடு வீடாகப் போகும்போது கீழ்த்தளத்தில் வீட்டுக்காரரிடம் கேட்போம். மாடியில் யாருக்காவது காய்ச்சல் உண்டா என்றால் அவரே இல்லை என்று சொல்லிவிடுவார், நாங்களும் குறித்துக்கொண்டு அடுத்த வாசலுக்குப் போய்விடுவோம். அவர் பொய் சொன்னார் என்று நான் சொல்லவில்லை. உண்டு என்று சொன்னால் ஐந்து குடித்தனத்துக்கும் சேர்த்துத் தகரம் விழும் என்பது அவருக்குத் தெரியும், காய்ச்சல் இருந்த மாணவனுக்கும் தெரியும். ஆகவே எந்தக் கட்டுப்பாடு நோயை அடைக்க வந்ததோ அதுவே நோயை மறைக்கவும் வைத்தது. மாடி அறையைத் தனிக் குடும்பமாகப் பதிவு செய்து, அந்த மாணவர்களிடமே நேரடியாகக் கேட்டிருந்தால் பல தொற்றுகளை நான்கைந்து நாள் முன்னதாகக் கண்டுபிடித்திருக்கலாம் என்று நினைக்கிறேன்.

விடுதியில் இருந்த மாணவி:

நேரடியாகக் கேட்டு, அவனும் ஆமாம் காய்ச்சல் என்று சொல்லிவிட்டான் என்றே வைத்துக்கொள்வோம். தனி அறையும் தனிக் கழிவறையும் உள்ளவர்களுக்குத்தான் வீட்டுத் தனிமை என்பது அப்போதைய விதி. இரண்டு கழிவறைக்கு ஐந்து குடித்தனம் இருக்கும் வீட்டின் மாடியிலிருந்து அவனை எங்கே கொண்டுபோவீர்கள்?

தண்டையார்பேட்டை களப்பணியாளர்:

நோயாளிகளைத் தனிமைப்படுத்தி வைத்த கொரோனா பராமரிப்பு மையங்களில் ஒன்றுக்குத்தான். அவற்றுள் பல, கல்லூரிக் கட்டடங்களிலும் மாணவர் விடுதிகளிலும்தான் இயங்கின.

விடுதியில் இருந்த மாணவி:

அதைத்தான் எழுத நினைத்தேன். எங்கள் விடுதியையும் அப்படி எடுத்துக்கொண்டார்கள், எடுத்ததில் எனக்கு மறுப்பில்லை, படுக்கை தேவைப்பட்ட நேரம் அது. ஆனால் மார்ச்சில் பதினைந்து நாள் விடுமுறை என்று நம்பி, சான்றிதழ்களையும் ஆய்வுக் குறிப்பேடுகளையும் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டுப் போன நாங்கள், டிசம்பரில் திரும்பியபோது அவை ஒரு கூடத்தில் பெயர் ஒட்டாத மூட்டைகளாகக் கிடப்பதைப் பார்த்தோம். என் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழை நான்கு நாள் தேடி எடுத்தேன், ஒரு குறிப்பேடு கிடைக்கவே இல்லை. அறையைத் திறப்பதற்கு முன் மாணவிக்கு ஒரு தொலைபேசி அழைப்பு, பொருள்களுக்கு ஒரு பட்டியல், மூட்டைமேல் ஒரு பெயர், இவ்வளவைத்தான் கேட்கிறேன். வீட்டுக்காரர் ஐயாவிடமும் ஒன்று கேட்க வேண்டும். மாடி அறையைத் தனிக் குடும்பமாகப் பதிவு செய்ய மாநகராட்சி வந்தால் நீங்கள் கையெழுத்திடுவீர்களா?

இராயபுரம் வீட்டுக்காரர்:

தகரத்தை அறை வாசலோடு நிறுத்துவோம் என்றும், அவன் வாடகையில் ஒரு பங்கையாவது ஏற்போம் என்றும் எழுதிக் கொடுத்தால் இடுவேன் அம்மா. இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் இட மாட்டேன்.