காய்கறி சைடிஷ் எடுத்தால் சரக்கு சீக்கிரம் இறங்குமா?

பைபாஸ்_பாண்டி:
என் மச்சான் குவார்ட்டர் போடும்போது சிக்கனைத் தொடவே மாட்டார். வெள்ளரிக்காய், கேரட், வெங்காயம், ஒரு பிடி முளைகட்டிய பயறு, மேலே எலுமிச்சை பிழிந்து பெரிய தட்டு நிறைய வைத்துக்கொள்வார். "பச்சைக் காய்கறி ஈரலைக் கழுவி விட்டுடும்டா, ரெண்டு மணி நேரத்துல கிளியர்" என்று பைக் சாவியை எடுக்கிறார். அக்காவுக்குப் பயம். இதில் உண்மை ஏதாவது உண்டா?

டெஸ்ட்டியூப்:
ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்பவன் நான். ஈரல் கழுவி விடுகிற பாத்திரம் இல்லை என்று மச்சானிடம் சொல்லுங்கள்.

சரக்கு இரைப்பையிலிருந்து மெதுவாகவும் சிறுகுடலிலிருந்து வேகமாகவும் ரத்தத்தில் ஏறும். வெறும் வயிற்றில் குடித்தால் நேரே சிறுகுடலுக்கு இறங்கி, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் உச்சம் தொட்டுவிடும். வயிற்றில் சாப்பாடு இருந்தால் உச்சம் குறையும், தள்ளியும் போகும். இதற்குக் கொழுப்பும் புரதமும் உள்ள சாப்பாடுதான் நன்றாகக் கைகொடுக்கும். வெள்ளரிக்காயில் சுமார் 95 சதவீதம் தண்ணீர், அது எவ்வளவு நேரம் தாங்கும்? அந்தத் தட்டில் உருப்படியான ஆள் பயறுதான்.

ரத்தத்தில் ஏறியதை உடைப்பது பெரும்பாலும் ஈரலின் நொதிகள். ஆல்கஹால் முதலில் அசிட்டால்டிஹைடாகவும், அப்புறம் அசிடேட்டாகவும் மாறும். சராசரி ஆளுக்கு ஒரு மணி நேரத்தில் 7 முதல் 10 கிராம் ஆல்கஹால் போகும். 42.8 சதவீதச் சரக்கு 180 மில்லியில் சுமார் 60 கிராம் இருக்கிறது. வகுத்துப் பாருங்கள், ஆறு மணி நேரத்துக்குக் குறையாது, எட்டும் ஆகலாம். ரெண்டு மணி நேரக் கணக்கு எங்கிருந்து வந்ததோ!

இன்னொன்று. உச்சம் தள்ளிப்போவதால் கடையை விட்டுக் கிளம்பும்போது தெளிவாக இருப்பது போலத் தோன்றும், பாதி வழியில் ஏறும். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமைத் தாண்டினால் மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 185 பாயும். ஊதச் சொல்கிறவர் தட்டில் என்ன இருந்தது என்று கேட்கமாட்டார்.

கீரைக்கட்டு:
டெஸ்ட்டியூப் அண்ணா, ஒரு சின்னத் திருத்தம். வயிறார சாப்பிட்டால் ஈரலுக்குப் போகும் ரத்தம் கூடும், ஆல்கஹால் உடையும் வேகமும் ஓரளவு கூடும். ஆனால் அது முழுச் சாப்பாட்டுக்கு, சாலட்டுக்கு இல்லை. அப்புறம், ஆஸ்பராகஸ் என்ற காய்கறி ஈரலைக் காக்கும் என்று 2009இல் கொரிய ஆய்வு ஒன்று வந்ததே, அதை வைத்து எங்கள் ஊரில் தண்ணீர்விட்டான் கிழங்கை விற்கிறார்களே, அது?

டெஸ்ட்டியூப்:
திருத்தம் சரி, ஏற்றுக்கொள்கிறேன். அந்த ஆய்வு ஆஸ்பராகஸின் தளிர், இலைச் சாற்றை ஆய்வகத்தில் ஈரல் செல்கள் மேல் போட்டுப் பார்த்தது. குடித்த மனிதருக்குப் பொரியல் கொடுத்துப் பார்க்கவில்லை. தண்ணீர்விட்டான் அதே பேரினத்தில் வேறொரு இனம், அதுவும் கிழங்கு. விற்பவருக்கு இதெல்லாம் ஒரு பொருட்டா?

தினமும் குடிப்பவருக்குக் காய்கறி வேறு வகையில் தேவைதான். குடி ஃபோலேட், தயமின் என்ற இரண்டு பி வைட்டமின்களையும் குறைத்துவிடும். கீரையில் ஃபோலேட் உண்டு, பயறில் இரண்டுமே உண்டு. உடம்புக்கு அது நல்லது, பைக் ஓட்ட உதவாது.

பைபாஸ்_பாண்டி:
மச்சானிடம் படித்துக் காட்டினேன். "அப்போ குவார்ட்டர் வேணாம், ஒரு ஸ்ட்ராங் பீர் மட்டும்" என்கிறார்.

டெஸ்ட்டியூப்:
8 சதவீதம், 650 மில்லி. சுமார் 41 கிராம். பைக் சாவியை அக்காவிடம் கொடுத்துவிடச் சொல்லுங்கள்.