நாட் லாஃப்ட்ஹவுஸ்: அந்த 9-ஆம் எண் சட்டை ஆடிய ஆட்டங்கள்

1952 மே 25. வியன்னா, பிராட்டர் மைதானம். கால்பந்து ஆட்டம்: ஆஸ்திரியா 2, இங்கிலாந்து 2. முடிய இன்னும் எட்டே நிமிடம். ஆஸ்திரியாவின் ஆட்கள் பெரும்பாலும் இங்கிலாந்து பாதிக்குள் ஏறி நின்றிருந்தார்கள். பந்தைப் பிடித்த கோல்கீப்பர் கில் மெரிக் அதை ஓங்கி உதைக்கவில்லை, கையால் டாம் ஃபின்னிக்கு எறிந்தார். ஃபின்னி ஒரு தடுப்பாளரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, காலியான நடுவழியில் பந்தைத் தள்ளிவிட்டார். அங்கிருந்து இங்கிலாந்தின் முன்கள ஆட்டக்காரர் லாஃப்ட்ஹவுஸ் தனி ஓட்டம். பின்னால் துரத்துகிறார்கள், எதிரே கோல்கீப்பர் முசில் வெளியே பாய்ந்து வருகிறார். மோதப்போவது தெரிந்தும் லாஃப்ட்ஹவுஸ் ஓட்டத்தைக் குறைக்கவில்லை. அடித்த அதே கணத்தில் மோதல். நினைவிழந்து விழுந்ததால் பந்து கோட்டைத் தாண்டியதை அவர் பார்க்கவே இல்லை.

ஸ்ட்ரெச்சரில் தூக்கிப் போனார்கள். மாற்று ஆட்டக்காரர் என்ற ஏற்பாடே அன்று கிடையாது. அதனால் மறுபடி களத்துக்கு வந்து, ஒரு பந்தைக் கம்பத்திலும் அடித்தார். "வியன்னாவின் சிங்கம்" என்ற பெயர் வந்தது இப்படித்தான். அந்த ஓட்டம் பற்றி எல்லோரும் பேசுகிறோம். எனக்கு மெரிக்கின் எறியும் ஃபின்னியின் பொறுமையும் அதே அளவு முக்கியம். அவர் ஆடிய வேறு ஆட்டங்களை அறிந்தவர்கள், கோல் எப்படி விழுந்தது, எதனால் விழுந்தது என்று விவரமாக எழுதுங்கள்.

—

1953 எஃப்.ஏ. கோப்பை (இங்கிலாந்துக் கிளப்புகளின் நாக்-அவுட் போட்டி) இறுதி ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். லாஃப்ட்ஹவுஸின் கிளப்பான போல்டன் 3, பிளாக்பூல் 4. பிளாக்பூலின் ஸ்டான்லி மேத்யூஸின் ஆட்டம் என்றே அதைச் சொல்கிறார்கள். ஹாட்ரிக் அடித்தவர் அதே அணியின் மார்ட்டென்சன் என்பதே பலருக்கு மறந்துபோயிற்று. போல்டன் பக்கமிருந்து பார்த்தால் கதை வேறு. இரண்டாம் நிமிடத்திலேயே லாஃப்ட்ஹவுஸ் கோல் போட்டுவிட்டார். பிளாக்பூல் கோல்கீப்பர் ஜார்ஜ் ஃபார்ம் தவறவிட்ட பந்து அது. அந்த ஆண்டு கோப்பையின் ஒவ்வொரு சுற்றிலும் லாஃப்ட்ஹவுஸ் கோல் அடித்திருந்தார்.

போல்டன் தோற்றது ஏன் என்று கேட்டால், இடது பக்கத்தைப் பாருங்கள். இடது ஹாஃப் (இடப்பக்க நடுக்கள ஆட்டக்காரர்) எரிக் பெல்லுக்கு முதல் பாதியிலேயே தொடைத் தசை பிடித்துவிட்டது. மாற்று ஆள் இல்லை. அவரை முன்னால் விங்குக்கு (ஓரத்துக்கு) அனுப்பி, சக ஆட்டக்காரர் ஹேசலை அவர் இடத்துக்கு இறக்கினார்கள். நொண்டிக்கொண்டே பெல் தலையால் முட்டி 3-1 ஆக்கினார் என்பது வேறு விஷயம். பிறகு இடது பேக் (இடப்பக்கத் தடுப்பாளர்) ரால்ஃப் பேங்க்ஸுக்கும் கால் பிடித்துக்கொண்டது. மேத்யூஸ் ஆடியது வலது விங். அதாவது, போல்டனின் ஓட்டை விழுந்த பக்கமும் மேத்யூஸ் நின்ற பக்கமும் ஒன்றே. கடைசி இருபது நிமிடம் பந்து முழுக்க அந்தப் பக்கமே போயிற்று. லாஃப்ட்ஹவுஸ் முன்னால் தனியாக நின்றார், அவருக்குப் பந்து கொடுக்க ஆளில்லை. லீக்கில் மாற்று ஆட்டக்காரரை அனுமதித்ததே 1965-66 பருவத்தில்தான்.

—

அந்தக் காலத்துப் பந்தைப் பற்றிச் சொல்லாமல் லாஃப்ட்ஹவுஸ் தலையால் அடித்த கோல்களைப் பேச முடியாது. விதிப்படி எடை 14 முதல் 16 அவுன்ஸ். இன்றைய பந்தின் எடையும் அதேதான். ஆனால் விதி சொன்னது ஆட்டம் தொடங்கும்போது இருக்க வேண்டிய எடையை மட்டுமே. தோல் பந்து, உள்ளே ரப்பர் பை, வாயைத் தோல் வாரால் கோத்துக் கட்டியிருப்பார்கள். மழையிலும் சேற்றிலும் தோல் நீரைக் குடிக்கக் குடிக்கப் பந்து கனத்துக்கொண்டே போகும். வார் முடிச்சு நெற்றியில் பட்டால் தோல் கிழியும். ஆகவே பந்து வந்து தலையில் படக் காத்திருக்கக் கூடாது. கழுத்தை இறுக்கி, இடுப்பிலிருந்து உடம்பை வீசி, நெற்றியின் தட்டையான பகுதியால் பந்தைப் போய் அடிக்க வேண்டும். காத்திருந்தால் பந்துதான் உங்களை அடிக்கும்.

காலணியும் அப்படித்தான். கணுக்கால் வரை உயர்ந்த கெட்டித் தோல், விறைப்பான முன்முனை, அடியில் ஆணி வைத்து அறைந்த தோல் குமிழ்கள். குமிழ் தேயத் தேய ஆணிமுனை வெளியே தலைகாட்டும், எதிராளியின் காலைக் கிழிக்கும். ஈரத்துக்கு டப்பின் என்ற மெழுகைத் தேய்த்து வைப்பார்கள்.

அந்தப் பந்து செய்த கெடுதலையும் சொல்லியாக வேண்டும். வெஸ்ட் பிராம்விச் ஆல்பியனின் ஜெஃப் ஆஸ்டில் 59 வயதில் இறந்தபோது, ஆயுள் முழுக்கப் பந்தைத் தலையால் அடித்ததால் மூளைக்கு வந்த சேதம் அது, தொழில்வழி நோய் என்று 2002-இல் மரண விசாரணை அதிகாரி பதிவு செய்தார். அடுத்த தலைமுறைக்காரர் அவர். பழைய கோல்களின் படத்தைப் பார்க்கும்போது இந்த நினைப்பும் கூடவே வருகிறது.

—

1958 எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டத்தை யாரும் தொடவில்லையே. மே 3, வெம்பிளி. மான்செஸ்டர் யுனைடெட் அணி போன விமானம் மியூனிக்கில் விபத்துக்குள்ளாகி மூன்று மாதம்கூட ஆகவில்லை. மான்செஸ்டர் யுனைடெட் அணியில் அந்த விமானத்திலிருந்து தப்பிய நான்கு பேர் ஆடினார்கள்: கிரெக், ஃபோல்க்ஸ், சார்ல்டன், வயலட். இங்கிலாந்து அணியில் லாஃப்ட்ஹவுஸின் இடத்தைப் பிடித்திருந்த டாமி டெய்லர் அந்த விபத்தில் இறந்துபோயிருந்தார். நாடே யுனைடெட் ஜெயிக்க வேண்டும் என்று விரும்பிய நாள். போல்டன் 2-0 என்று வென்றது, இரண்டும் கேப்டன் லாஃப்ட்ஹவுஸ் அடித்தவை.

இரண்டாவது கோலில்தான் தகராறு. டென்னிஸ் ஸ்டீவன்ஸ் அடித்த பந்தை கிரெக் மேலே தட்டிவிட்டு, திரும்பிப் பிடிக்கப் போகிறார். ஓடிவந்த லாஃப்ட்ஹவுஸ் முதுகில் மோதியதில் ஆளும் பந்தும் சேர்ந்து கோட்டுக்குள். பந்தைக் கையில் வைத்திருக்கும் கோல்கீப்பரைத் தோளால் இடிக்க அன்றைய விதியில் இடம் உண்டு. ஆனால் தோளோடு தோள் பட வேண்டும், ஆபத்தான வேகம் கூடாது. முதுகில் இடித்தது விதிக்குள் வராது. அது ஃபவுல்தான் என்று பின்னாளில் லாஃப்ட்ஹவுஸே ஒப்புக்கொண்டார். முந்தைய ஆண்டின் இறுதி ஆட்டத்திலும் இதே யுனைடெட்டின் கோல்கீப்பர் ரே வுட்டின் கன்ன எலும்பு, எதிரணியின் மெக்பார்லண்ட் மோதியதில் ஆறாம் நிமிடத்திலேயே முறிந்தது.

—

மேலே சொன்னதில் ஒன்றைச் சேர்க்கிறேன். வென்ற அந்தப் போல்டன் அணியின் பதினொரு பேருக்கும் சேர்த்துக் கிளப் செலவழித்தது 110 பவுண்டு. ஆளுக்குப் பத்து பவுண்டு ஒப்பந்தத் தொகை, அவ்வளவுதான். டாமி டெய்லரை மட்டும் 1953-இல் பார்ன்ஸ்லியிடமிருந்து வாங்க யுனைடெட் கொடுத்தது 29,999 பவுண்டு.

லாஃப்ட்ஹவுஸ் ஒரே கிளப்பில் ஆடி முடித்தார் என்பதை விசுவாசம் என்று மட்டும் எழுதுவது அந்தக் காலத்து ஆட்டக்காரர்களுக்குச் செய்யும் அநியாயம். சம்பளத்துக்கு உச்சவரம்பு இருந்தது. 1951-இல் வாரம் 14 பவுண்டு, 1953-இல் 15, 1957-இல் 17, 1958-இல் 20. வெற்றிக்கும் சமநிலைக்கும் சிறு தொகை கூடுதல். எந்தக் கிளப்புக்குப் போனாலும் இதே உச்சம். ஒப்பந்தம் முடிந்த பிறகும் கிளப் விடுவிக்காவிட்டால் வேறெங்கும் லீக் ஆட்டம் ஆட முடியாது. அவருடைய கடைசி லீக் ஆட்டம் 1960 டிசம்பரில். உச்சவரம்பு நீங்கியது 1961 ஜனவரியில். அடுத்து, ஃபுல்ஹாமின் ஜானி ஹேன்ஸ் வாரம் 100 பவுண்டு வாங்கினார்.

—

லாஃப்ட்ஹவுஸின் அந்தத் தோள்வலு எங்கிருந்து வந்தது என்று தெரிய, சுரங்கத்துக்குள் இறங்க வேண்டும். போர்க்காலத்தில் நிலக்கரிக்கு ஆள் போதாமல், படைக்கு அழைக்கப்படும் இளைஞர்களில் ஒரு பங்கைப் பதிவெண்ணின் கடைசி இலக்கத்தை வைத்துக் குலுக்கல் முறையில் சுரங்கத்துக்கு அனுப்பினார்கள். பெவின் பையன்கள் என்று பெயர். லாஃப்ட்ஹவுஸ் போனது மாஸ்லி காமன் சுரங்கம். வேலை, கரி ஏற்றிய தொட்டி வண்டிகளைத் தள்ளுவது. சனிக்கிழமை விடியலுக்கு முன் இறங்கி, முறை வேலை முடிந்து ஏறி, நேரே ஆட்டத்துக்குப் போவார். காலைக் குத்தி, முதுகைத் தாழ்த்தி, தோளால் தள்ளும் அதே உடல் அசைவை, எதிரணி நடு ஹாஃபின் (நடுத் தடுப்பாளரின்) இடியைத் தாங்கிப் பந்தைக் காலடியில் வைத்துக்கொள்ளும்போதும் காணலாம்.

—

லாஃப்ட்ஹவுஸின் ஆட்டங்கள், கோல்களின் எண்ணிக்கையில் ஒரு குழப்பம் இருப்பதால் இது. அவர் போல்டனில் சேர்ந்தது 1939 செப்டம்பர் 4, போர் அறிவித்த மறுநாள், 14 வயதில். 1941 மார்ச் 22-இல் பரி அணியோடு முதல் ஆட்டம், 15 வயது, இரண்டு கோல், 5-1 வெற்றி. இவையெல்லாம் போர்க்கால ஆட்டங்கள், லீக் கணக்கில் வராது. லீக் மறுபடி தொடங்கியது 1946 ஆகஸ்ட் 31. அன்று செல்சியிடம் 4-3 என்று தோற்றபோதும் இரண்டு அடித்தார். அங்கிருந்து 452 லீக் ஆட்டம், 255 கோல். கோப்பை ஆட்டங்களையும் சேர்த்தால் 503-இல் 285. 1955-56-இல் 33 கோலோடு முதல் டிவிஷனில் கோல் அடித்தவர்களில் முதலிடம்.

இங்கிலாந்துக்கு 33 ஆட்டம், 30 கோல். முப்பதாவது கோல் 1958 அக்டோபர் 22, வெம்பிளியில் சோவியத் யூனியனை 5-0 என்று வென்ற நாளில் வந்தது. அப்போது வயது 33. அந்த ஆண்டு உலகக் கோப்பைக்கு அவரைத் தேர்ந்தெடுக்காமல் விட்டிருந்தார்கள். வியன்னாவில் பந்து கொடுத்த ஃபின்னியும் முடித்தது 30 கோலில்தான், 76 ஆட்டங்களில்.