பழைய பொருள்களில் ஒலி கசியாத பட்டறை: எதைப் பயன்படுத்தலாம், எதை விடலாம்?

மரத்தூள் எழுதியது:

வீட்டின் பின்புறம் பத்தடிக்குப் பன்னிரண்டடியில் ஒரு மரவேலைப் பட்டறை எழுப்பப் போகிறேன். வட்ட ரம்பமும் இழைப்பு இயந்திரமும் இருக்கின்றன. மாலையில்தான் நேரம் கிடைக்கிறது. பக்கத்து வீட்டில் கைக்குழந்தை. இடித்த கட்டடங்களிலிருந்து மரக்கதவுகள், பிளைவுட், ஜிப்சம் பலகைகள், பழைய தரைவிரிப்புகள் சேர்த்து வைத்திருக்கிறேன். முட்டை அட்டைகளும் தெர்மோகோலும் ஒரு மூலை நிறையக் கிடக்கின்றன. அவற்றைச் சுவர் முழுக்க ஒட்டினாலே போதும் என்கிறார் நண்பர் ஒருவர். சரிதானா?

நிலைக்கதவு எழுதியது:

முட்டை அட்டைகளை முட்டைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஒலிப்பதிவுக் கூடங்களுக்குத் தச்சுவேலை செய்து பிழைத்தவன் நான். அறைக்குள் எதிரொலியைக் குறைப்பது ஒரு வேலை, ஒலியை வெளியே விடாமல் தடுப்பது முற்றிலும் வேறு வேலை. முன்னதற்கு மெத்தென்ற பொருள் வேண்டும். பின்னதற்குக் கனம் வேண்டும். முட்டை அட்டையில் கனமே இல்லை. தெர்மோகோலும் அதே ரகம்தான். இரண்டும் எளிதில் தீப்பிடிக்கும். தீப்பொறி பறக்கும் இடத்தில் அவற்றுக்கு வேலையே இல்லை.

உங்களிடம் உள்ள உண்மையான செல்வம் ஜிப்சம் பலகையும் பிளைவுட்டும். ஆனால் கனத்தை மட்டும் கூட்டிக்கொண்டே போனால் கட்டுப்படியாகாது. சுவரின் எடை இரட்டிப்பானால் வெளியேறும் ஒலி ஏறத்தாழ 6 டெசிபல் (ஒலியை அளக்கும் அலகு) குறையும் என்பது கணக்கு. ஒலி பாதியாகக் குறைந்ததுபோல் காதுக்குத் தோன்றவே 10 டெசிபல் குறைய வேண்டும். ஆகவே ஒரே தடித்த சுவருக்குப் பதிலாக, ஒன்றையொன்று தொடாத இரண்டு மரச்சட்டங்களை நிறுத்துங்கள். வெளிச்சட்டத்தின் வெளிப்பக்கம் பிளைவுட், உள்சட்டத்தின் உள்பக்கம் இரண்டு அடுக்கு ஜிப்சம். முதல் அடுக்கின் இணைப்புகள் மேல் இரண்டாம் அடுக்கின் இணைப்புகள் விழக்கூடாது. நடுவே காற்றிடம், அதில் கண்ணாடி இழைப் பஞ்சான கண்ணாடிக் கம்பளியைத் திணிக்காமல் தளர்வாக வையுங்கள். பலகை மீந்துவிட்டது என்று காற்றிடத்தின் நடுவே மூன்றாவது தடுப்பு போடாதீர்கள். இயந்திரத்தின் தாழ்ந்த உறுமல் அதனால் கூடுதலாகவே வெளியேறும். நீளமான ஆணி ஒன்று இரண்டு சட்டங்களையும் சேர்த்துப் பிடித்துவிட்டால், அந்த இடத்தில் பாடுபட்டதெல்லாம் வீண். உள்கூரையும் உள்சட்டத்தின் மேல்தான் உட்கார வேண்டும், வெளிக்கூரையிலிருந்து தொங்கக் கூடாது.

மணல்மூட்டை எழுதியது:

கம்பளிக்குக் காசு எதற்கு? இரண்டு சுவர்களுக்கும் நடுவே மணலைக் கொட்டினால் கனமும் வந்துவிடுமே!

நிலைக்கதவு எழுதியது:

கனம் வரும், உண்மைதான். ஆனால் மணல் இரண்டு சுவர்களையும் ஒன்றாகப் பிணைத்துவிடும். பிரித்து நிறுத்தியதன் பயனே போய்விடும். அடியில் அழுத்தம் ஏறிப் பலகை புடைக்கும். நாளடைவில் மணல் கீழிறங்கி மேலே வெற்றிடம் விழும். மணலைத் தரைக்கு அடியில் போடுங்கள், அங்கே அது தங்கம்.

கொட்டாப்புளி எழுதியது:

பழைய கட்டடச் சரக்கு என்பதால் ஓர் எச்சரிக்கை. கூரைக்குப் போட்டிருந்த பழைய சிமென்ட் தகடுகள் கிடைத்தால் வாங்காதீர்கள், அறுக்கவே அறுக்காதீர்கள், நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் இழை இருக்கலாம். பழைய கதவின் பெயின்டில் ஈயம் இருக்கலாம், உலர்வாகத் தேய்க்க வேண்டாம். இயந்திரத்தின் கால்களுக்கு அடியில் தடித்த ரப்பர் வையுங்கள்; தரை வழியாகப் போகும் அதிர்வைச் சுவர் தடுக்காது.

மரத்தூள் எழுதியது:

நன்றி. கதவுகளில் சட்டத்துக்கு நடுவே மெல்லிய பலகை பதித்தவைதான் அதிகம். தேறுமா? இவ்வளவு இறுக்கி அடைத்தால் உள்ளே மூச்சுவிடுவது எப்படி?

நிலைக்கதவு எழுதியது:

சரியான இடத்தில் கேட்டீர்கள். சுவருக்காக எல்லோரும் மெனக்கெடுகிறார்கள், ஒலி கதவு வழியாகப் போய்விடுகிறது. சுவர்ப்பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தால், சுவர் எவ்வளவு தரமானதாக இருந்தாலும் மொத்தத் தடுப்பு 20 டெசிபலைத் தாண்டாது. பதித்த பலகைக் கதவின் மேல் இருபுறமும் பிளைவுட் அறையுங்கள். ஒரே வாசலில் இரண்டு கதவுகள்: ஒன்று வெளிச்சட்டத்தில், மற்றது உள்சட்டத்தில். நிலையைச் சுற்றி, நீளவாக்கில் வெட்டிய சைக்கிள் ட்யூபை மடித்து அடியுங்கள். கதவு அழுத்தி மூடும்படி தாழ்ப்பாள் அமையட்டும். இரவில் உள்ளே விளக்கேற்றி வெளியே சுற்றி வாருங்கள். வெளிச்சம் தெரியும் இடமெல்லாம் அடைக்க வேண்டிய இடம்.

காற்றுக்கு நேர் ஓட்டை வேண்டாம். பிளைவுட்டில் நீளமான பெட்டி செய்து, காற்று வளைந்து வளைந்து போகும்படி உள்ளே தடுப்புகள் வையுங்கள். உள்பரப்பில் கண்ணாடிக் கம்பளியைத் துணியால் மூடிப் பொருத்துங்கள். பாதை குறுகக் கூடாது; குறுகினால் விசிறி இரையும். உள்ளே வர ஒன்று, வெளியேற ஒன்று என இரண்டு பெட்டிகள் தேவை. மரத்தூளை இயந்திரத்தின் வாயிலேயே உறிஞ்சி எடுக்க ஏற்பாடு செய்யுங்கள், முகக்கவசமும் போடுங்கள். தரைவிரிப்புகளைக் காற்றிடத்தில் போட வேண்டாம், பூச்சி பிடிக்கும்.