வீட்டு வரி ரசீதும் ஒரு நூலகமும்

எங்கள் ஊராட்சிக்குப் பகுதி நேர நூலகம் ஒன்று வேண்டுமென்று கையெழுத்து வாங்க நாங்கள் நால்வர் வீடு வீடாக ஏறி இறங்கினோம். முதல் வாரம் முழுவதும் வாசிப்பின் பெருமையையே பேசினோம்; கேட்டவர்கள் மோர் கொடுத்தார்கள், கையெழுத்தும் போட்டார்கள், ஆனால் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு எங்கள் நால்வரைத் தவிர எவரும் வரவில்லை.

எங்கள் போக்கை மாற்றியவர் ஒரு தேநீர்க் கடைக்காரர். "எல்லா வரியும் கட்டியாகிவிட்டது, இதற்கும் பணமா?" என்று எரிச்சலோடு அவர் நீட்டிய வீட்டு வரி ரசீதிலேயே நூலக வரி தனியாகக் குறிக்கப்பட்டிருந்தது. சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதனின் முயற்சியால் 1948இல் வந்த சென்னைப் பொது நூலகச் சட்டத்தின்படி, சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துக் காசு வீதம் கூடுதலாக வசூலாகி மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குச் செல்கிறது என்று விளக்கினேன். சற்று நேரம் ரசீதையே பார்த்தவர், "அப்படியானால் என் காசில் பக்கத்து ஊர்க்காரர்கள் பேப்பர் படிக்கிறார்களா?" என்றார். ஊர்ப் போட்டி அவ்வளவு கெட்ட விஷயமில்லை என்று அன்று தோன்றியது. மறுநாள் முதல் அந்த ரசீதின் நகலைத்தான் கையில் எடுத்துச் சென்றோம்.

இடம் தேடியதுதான் பெரும்பாடு. வாடகையில்லாத இடத்தைக் காட்டினால் கோரிக்கை எளிதாக நகரும் என்பதால், மேலத் தெருவில் ஒருவர் தம் பழைய நெல் கிடங்கைத் தர முன்வந்ததும் மகிழ்ந்துபோனோம். காலனிக்குச் சென்றபோது ஒரு பெரியவர் தாளைத் தொடாமலேயே, "அந்தத் தெரு வழியாக எங்கள் பிள்ளைகள் இரவு எட்டு மணிக்குத் திரும்பி வர முடியுமா, தம்பி?" என்று கேட்டார். எங்களால் பதில் சொல்ல இயலவில்லை. கிடங்கு வேண்டாம் என்று அதன் உரிமையாளரிடம் சொல்லும் துணிவு வர எங்களுக்கு ஒரு மாதம் ஆயிற்று. அவருடைய வருத்தம் இன்னும் தீரவில்லை. பின்னர், பேருந்து நிறுத்தத்தை ஒட்டிப் பூட்டிக் கிடந்த ஊராட்சிக் கட்டடத்தைக் கேட்டோம். காலனியிலிருந்து கையெழுத்துகள் வந்தது அதற்குப் பிறகுதான்.

—

மேலே எழுதியவரின் அனுபவத்தோடு என்னுடையதையும் சேர்க்கிறேன். எங்கள் பேரூராட்சியில் கிளை நூலகம் ஏற்கெனவே இருந்தது. புதிய கட்டடத்துக்குத்தான் ஆதரவு தேவைப்பட்டது. ஆயிரம் ரூபாய் செலுத்திப் புரவலராகச் சேர்பவர்களின் பெயரைப் பலகையில் எழுதுவோம் என்றதும் கடைவீதி வியாபாரிகள் பலர் சேர்ந்தனர் (மறைந்த தந்தையின் பெயரில் சேர்ந்தவர்களே மிகுதி). ஆனால் வேலையைத் தோளில் சுமந்தவர்கள், அங்கே குரூப் 4 தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த பெண்கள். நாங்கள் அவர்களிடம் புதிய புத்தகங்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கையில் ஒருவர் குறுக்கிட்டு, "கழிப்பறை கட்டுவீர்களா, அண்ணா? காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல்தான் இங்கே உட்கார்ந்திருக்கிறோம்" என்றார். எங்கள் மனுவில் அதுவரை அந்தச் சொல்லே இல்லை. திருத்தி எழுதிய மனுவில் அதையே முதல் கோரிக்கையாக வைத்தோம். அதற்குக் கையெழுத்து வாங்க அந்தப் பெண்களே தெருத்தெருவாகச் சென்றார்கள்.