இலை உதிராத காட்டில் மார்கழி: படம், ஓவியம், ஒலிப்பதிவு அனுபவங்கள் (நாலு பேர் பேசிக்கிட்டது; பெயரெல்லாம் அவங்களோட புனைபெயர்)

உலக்கைப்பாலை:
மிரட்டுற குளிர்காலக் காடுன்னு தேடினா மொட்டை மரமும் வெள்ளைப் பனியுமாத்தான் படங்கள் வருது. அதை மனசுல வச்சுக்கிட்டு கோடியக்கரைக்கு வந்தா ஏமாற்றம்தான். இங்க இருக்கிறது உலர் பசுமைமாறாக் காடு. ஐப்பசி, கார்த்திகை மழையைக் குடிச்சிட்டு மார்கழியில கரும்பச்சையா நிற்கும். நம்ம காட்டோட மிரட்சி கிளையில இல்லை, அடியில தேங்கிக் கிடக்கிற இருட்டுல இருக்கு. உலக்கைப்பாலை மரத்துப் பட்டை வெடிப்பு வெடிப்பா சாம்பல் நிறம். ஈரம் ஏறினா கறுத்துடும். அந்தக் கறுப்புக்குப் பின்னாடி பனிமூட்டம் வெளுப்பா நின்னா படம் பாதி முடிஞ்ச மாதிரி.

பனி தினம் இறங்காது. மழை ஓய்ந்து மண் ஈரமா இருக்கணும், ராத்திரி வானம் தெளிஞ்சிருக்கணும், காற்று அடங்கணும். மூணும் சேரணும். வாடை வீசினா கடலோரத்துல பனி தங்காது. அன்னிக்கு உள்ளே தள்ளி வயல் ஓரத் தோப்புகளுக்குப் போயிடுங்க. மார்கழியில சூரியன் உதிக்கிறது 6.20லிருந்து 6.33க்குள்ள. அதுக்கு அரை மணி முன்னாடியே இடத்துல இருக்கணும். பெரும்பாலும் எட்டு மணிக்குள்ள எல்லாம் கலைஞ்சுடும்.

கேமராவை அப்படியே விட்டா பனியை அழுக்குச் சாம்பலாக்கிடும். வெளுப்பு நிறைய இருந்தா கேமராவுக்குள்ள வெளிச்சத்தை அளக்கிற மீட்டர் வெளிச்சத்தைக் குறைச்சுடும். அதனால எக்ஸ்போஷரை, அதாவது படத்துல விழுற வெளிச்ச அளவை, +0.7லிருந்து +1 வரை கூட்டுங்க. ஆட்டோஃபோகஸ் பிடிமானம் கிடைக்காம அலையும். கிட்ட இருக்கிற அடிமரத்து விளிம்புல மேனுவலா ஃபோகஸ் வைங்க. நிறச் சாயலைச் சரிபண்ற ஒயிட் பேலன்ஸ் ‘டேலைட்’லயே இருக்கட்டும். ஆட்டோவில விட்டா விடியக்காலை நீலத்தைத் திருத்துறேன்னு துடைச்சுடும். போன்ல எடுக்கிறவங்க திரையை அழுத்திப் பிடிச்சு லாக் பண்ணிட்டு, சூரியக் குறியைக் கொஞ்சம் மேலே இழுத்தா போதும்.

ஏசி ரூம்ல தங்கிட்டு நேரா வெளியே வந்தா லென்ஸ் வேர்த்துடும், துடைச்சாலும் திரும்பப் படியும். கிளம்புறதுக்கு அரை மணி முன்னாடி ஜிப் கவர்ல போட்டு மூடி, கவரோட வெளியே வச்சிடுங்க.

கோரையாறு:
முத்துப்பேட்டைப் பக்கம் கணக்கே வேற. அலையாத்திக் காட்டுல மரத்தைவிட மூச்சுவேர்தான் விஷயம். பென்சில் கனத்துல ஆயிரக்கணக்குல சேத்துல குத்திட்டு நிற்கும். ஆனா ஆத்துல மழைத்தண்ணி வடியாத வாரத்துல போனா வேர் முழுக்க முங்கிக் கிடக்கும். வெறும் பச்சைச் சுவரைத்தான் பார்த்துட்டு வருவீங்க. தை பிறக்கிறப்போ, வத்தம், அதாவது கடல் தண்ணி இறங்கி இருக்கிற நேரமாக் கேட்டுட்டுப் போங்க. படகுக்கும் உள்ளே போறதுக்கும் வனத்துறை அனுமதி வேணும். வேரை மிதிச்சு நடக்காதீங்க, மரம் மூச்சு விடுறதே அது வழியாத்தான்.

டிரைபாட் கால் சேத்துல இறங்கிக்கிட்டே இருக்கும். அரை நிமிஷ எக்ஸ்போஷர்ல படம் கலங்குறதுக்குக் காரணம் காத்து இல்லை, இதுதான். ஒவ்வொரு காலுக்கும் கீழே உள்ளங்கை அகலப் பலகைத் துண்டு ஒண்ணு வச்சு, மேல இருந்து அழுத்தி, இறங்குறது நின்ன பிறகு எடுங்க.

தில்லை மரத்துகிட்ட கவனம். இலை கிள்ளினா வடியிற பால் கண்ணுல பட்டா பார்வையையே பாதிக்கும், தோலும் கொப்புளிக்கும். உதிர்றதுக்கு முன்னாடி அதோட இலை சிவக்கும். அந்தச் சிவப்பு வேணும்னா தள்ளி நின்னு எடுங்க.

ஈரத்தாள்:
வாட்டர்கலர் போடுறவங்களுக்கு. மார்கழிக் காலையில தாள் லேசுல காயாது. பாதி காய்ஞ்ச பூச்சு மேல தண்ணி தொட்ட பிரஷ் பட்டா காலிஃபிளவர் மாதிரி ஓரம் பூத்துடும், அப்புறம் சரி பண்ண முடியாது. 300 ஜிஎஸ்எம் கனமான தாள் எடுங்க. புறங்கையைத் தாள் மேல வச்சுப் பாருங்க. சில்லுன்னு இருந்தா உள்ளே இன்னும் ஈரம் இருக்கு.

மூணு அடுக்கு போதும். தூரத்து மரம் ஈரத்தாள்லயே, சாயம் ரொம்ப நீர்த்து. நடுவுல இருக்கிறது ஈரம் பாதி அடங்கின பிறகு, பிரஷ்ல தண்ணி கம்மியா வச்சு. முன்னாடி நிற்கிற அடிமரம் மட்டும் முழுக்கக் காய்ஞ்ச தாள்ல, கெட்டியா. அல்ட்ராமரைன் நீலத்தோட பர்ன்ட் சியன்னா கலந்தா வர்ற சாம்பல்தான் நம்ம பனிக்குச் சரி. கறுப்பு டியூபைத் தொட்டா படம் புகை மண்டின மாதிரி ஆயிடும். எல்லாரும் செய்யிற தப்பு, தூரத்து மரத்துக்கும் கிளை கிளையா வரையிறது. பனிக்குள்ள கிளை தெரியாது, கனம் மட்டும்தான் தெரியும்.

நடுச்சாமம்:
ஒலிப்பதிவு பத்தி யாரும் சொல்லலையே. படத்துல வராத அமானுஷ்யம் இதுல வரும். ரெக்கார்டர்ல பதிவுத் தரம் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். சத்தத்தோட உச்சம் மைனஸ் 12 டெசிபல் தாண்டாம வைங்க. மைக்குக்கு ரோம உறை கட்டாயம். வெறும் ஸ்பாஞ்சு கடலோரக் காத்துக்குத் தாங்காது. ரெக்கார்டரை மரத்தடியில வச்சிட்டுப் பத்தடி தள்ளிப் போயிடுங்க, இல்லைன்னா உங்க சட்டை உரசுறதுதான் கேட்கும்.

உலக்கைப்பாலை:
அண்ணே, விடியக்காலை கோயில் ஸ்பீக்கரை என்ன பண்றது? ரொம்ப தூரத்து ஊர்ப் பாட்டுகூடப் பக்கத்துல பாடுற மாதிரி விழுது.

நடுச்சாமம்:
பனி நாள்ல அப்படித்தான் தம்பி. தரையை ஒட்டிக் குளிர்ந்த காத்து, மேல கொஞ்சம் வெதுவெதுப்பான காத்து. மேலே போற சத்தம் வளைஞ்சு கீழேயே திரும்பி வந்துடும். ஃபில்டர் போட்டு அழிக்கப் பார்த்தா பறவைச் சத்தமும் சேர்ந்து போயிடும். ஓடவிடுங்க. ஒரு பாட்டு முடிஞ்சு அடுத்தது தொடங்குறதுக்குள்ள இலைநுனித் துளி சருகுல சொட்டுறது தனியாக் கேட்கும். அந்தத் துண்டை மட்டும் வெட்டி எடுத்துக்கலாம்.